அறுபது முட்டையும் ஓர் ஒப்பாரியும்

மூன்றாவது முட்டையிலும் எறும்புதான் இருந்தது.

எபனேசர் அதை மூடிவிட்டு நான்காவதைத் திறந்தார். அதில் எறும்பு இல்லை. பொரிகடலையும் இல்லை. எறும்புகள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தன.

"நான் அப்பவே சொன்னேன், பொரிகடலை வேணாம்னு," என்றாள் ஜெபராணி அடுப்படியிலிருந்து.

அவள் அப்போதே சொன்னது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து ஜெபராணி அப்போதே சொல்லாத விஷயம் என்று ஒன்று கிடையாது.

எபனேசருக்குப் போடி கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். ஞாயிற்றுக்கிழமையானால் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு அவர்தான் பொறுப்பு. ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் தேடி எடுப்பதற்காகச் சிவப்பும் மஞ்சளுமாக அறுபது பிளாஸ்டிக் முட்டைகளை மதுரையிலிருந்து வாங்கி வந்துவிட்டார். உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் சிக்கல். எல்லா வருஷமும் மிட்டாய் வைப்பார்கள். இந்த வருஷம் மிட்டாயே கூடாது என்று சபையில் எழுந்து நின்று சொன்னதும் எபனேசர்தான்.

"மிட்டாய் இல்லாட்டி பிள்ளைக மூஞ்சியைத் தூக்கிக்கிருமே?" என்றார் பலவேசம். வருஷா வருஷம் மிட்டாய் அவருடைய பலசரக்குக் கடையிலிருந்துதான் போகும்.

"மிட்டாயை மறந்தே போற மாதிரி பண்ணிக் காட்டுறேன்," என்று எபனேசர் வாயைக் கொடுத்துவிட்டார்.

காரணம் ஜெனிபர். எட்டு வயது மகள். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தினமும் ஊசி. போன ஈஸ்டருக்கு அவள்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடி நிறைய முட்டை எடுத்தாள். எடுத்தவள், யாரும் சொல்லாமலே ஒவ்வொன்றாகத் திறந்து மிட்டாயை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். வெறும் ஓடுகளோடு அப்பாவிடம் வந்து, "முட்டை அழகா இருக்குல்லப்பா?" என்றாள். எபனேசர் சர்ச்சுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுவதுபோல் அழுதார். அடுத்த வருஷம் என் பிள்ளை எடுத்த முட்டையை யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது சுலபம். முட்டையை நிரப்புவதுதான் பாடு.

பொரிகடலை போனதும் பன்னீர் திராட்சை வைத்துப் பார்த்தார். கம்பத்துத் திராட்சை, நல்ல இனம். ஒரே நாளில் முட்டைகள் எல்லாம் ஒழுக ஆரம்பித்தன. கோலிக்குண்டு வைத்தார். நர்சரிப் பிள்ளை விழுங்கிவிடும் என்று சபைப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். விசில் வைத்தார். சோதித்துப் பார்க்க ஜெனிபரிடமும் அவள் கூட்டாளிகளிடமும் ஆளுக்கொன்று கொடுத்தார். மினி பஸ் டிரைவர் ஒருவர் விசில் சத்தத்தை நம்பி வண்டியைக் கிளப்ப, கண்டக்டர் தெருவிலேயே நின்றுவிட்டார். அவர் ஓடி வந்து திட்டியதோடு விசில் முடிந்தது. ஏலக்காய் வைக்கலாமா என்று கேட்டதற்கு ஜெபராணி, "பிள்ளைக அதை வச்சுப் பாயாசமா காச்சும்?" என்றாள்.

கடைசியில் எபனேசர் தன் கடையையே ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கையில் கட்டும் சிவப்புக் கயிறு இருந்தது. கட்டைவிரல் அளவு பொம்மை இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு, கொஞ்சம் சவுரி முடி தொங்கும் கிளிப் இருந்தது. துள்ளும் பந்து இருந்தது. நர்சரித் தோட்டத்தில் சொல்லிச் சாமந்தி விதையும் வாங்கினார். இத்தோடு ஒவ்வொரு முட்டையிலும் ஒரு வேலைச்சீட்டு வைப்பது என்று ஏற்பாடு. பிள்ளை அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். அம்மாவுக்கு முத்தம் கொடு, மரத்தைச் சுற்றி ஓடு, சண்டை போட்டவனோடு ராசியாகு, இந்த மாதிரி.

எபனேசர் சொல்லச் சொல்ல, ஜெனிபர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். அவர் சபைத் தமிழில் சொன்னார். அவளும் அப்படியே எழுதினாள்.

"பொம்மை லொடலொடங்குது," என்று ஜெபராணி ஒவ்வொரு பொம்மையையும் கழுத்திலிருந்து கால்வரை சிவப்புக் கயிற்றால் சுற்றி முட்டைக்குள் இறுக்கி வைத்தாள்.

இந்த வேலையை நல்லபடியாக முடித்துவிட்ட சந்தோஷத்தில் மூவரும் அன்று பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சர்ச்சில் இப்போது கட்டட வேலை. முட்டை ஒளிக்க இடமில்லை. ஊருக்கு வெளியே மாந்தோப்பு வைத்திருக்கும் தங்கப்பாண்டியைக் கேட்டதும் சரி என்றார். தங்கப்பாண்டி கடைக்கு வாடிக்கைக்காரர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று கடைத்தெருவே சொல்லும். அடுத்த தோப்பு அவருடைய அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு. அவர் வேறு மாதிரி. மீசை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். பொதுக் கிணற்றில் யார் மோட்டார் முதலில் ஓடுவது என்ற தகராறில் அண்ணன் தம்பிக்குள் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் கம்பி வேலி போட்டாயிற்று.

"பிள்ளைக வந்து வெளையாடட்டும் சார்," என்றார் தங்கப்பாண்டி போனில். "வேலிக்கு இங்கன உள்ள மரம் பூரா நம்மளுது. அங்கன உள்ளது அண்ணனுது. அங்கன மட்டும் போயிராதீக."

"சரி. சாமானை எல்லாம் நான் சனிக்கிழமையே வந்து வச்சுர்றேன்," என்றார் எபனேசர்.

சனிக்கிழமை மத்தியானம் வாய்க்கால் ரோட்டு வழியாக ஸ்கூட்டரில் போனார். தோப்பு வந்தது. வேலியும் வந்தது. எபனேசர் வேலிக்கு அங்கன எட்டிக்கூடப் பார்க்காமல், இங்கனயே நின்று அறுபது முட்டைகளையும் கிளை இடுக்கிலும் வேர் மறைவிலும் சருகுக்குள்ளும் ஒளித்துவிட்டு வீடு திரும்பினார்.

சாயங்காலம் தங்கப்பாண்டி போன் செய்தார்.

"என்ன சார், வர்றேன்னீக, ஆளையே காணோம்?"

"வந்து எல்லாத்தையும் வச்சுட்டேனே."

"எங்க வச்சீக? நான் மத்தியானத்துல இருந்து தோப்புலதான் கட்டில் போட்டுப் படுத்துக் கெடக்கேன். ஒரு காக்கா கூட வரலையே."

எபனேசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேலிக்கு இங்கனதான வச்சேன்?"

"எந்த வழியா வந்தீக?"

"வாய்க்கா ரோடு."

"போச்சு," என்றார் தங்கப்பாண்டி. "அங்கன இருந்து வந்தா, உங்களுக்கு இங்கனங்கிறது எனக்கு அங்கனல்ல சார்!"

பிறகு தங்கப்பாண்டி குரலைத் தணித்துக் கேட்டார்.

"சார், அண்ணன் மோட்டார் ரூம் பக்கம் போனீகளா?"

"இல்லையே. ஏன்?"

"போகாதீக. அங்கன பூச்சி பட்டை கெடக்கும்."

அண்ணனோடு வரப்போகும் வம்பைப் பற்றி நினைக்காமல், இந்த நேரத்திலும் அடுத்தவன் காலில் பூச்சி கடித்துவிடுமோ என்று பதறுகிறாரே என்று எபனேசர் உருகிப்போனார். அதற்கு மேல் உருக நேரமில்லை. ஈஸ்வரபாண்டி பார்ப்பதற்குள் முட்டைகளைப் பொறுக்கியாக வேண்டும். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

தோப்பில் பெரிய மாமரத்தடியில் ஈஸ்வரபாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் வேப்பங்குழை. பக்கத்தில் அவருடைய தோட்டக்காரர் தவசி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு சிவப்பு முட்டை.

"தொட்றாதீக முதலாளி. இது கூடோத்திரம்," என்றார் தவசி.

தவசி பல வருஷம் மலைக்கு மேலே மலையாளத்தார் ஏலத்தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர். நாம் செய்வினை என்பதை அவர் மலையாளத்தில் சொல்வார். மலையாளத்தில் சொன்னால் பயம் இரண்டு பங்கு.

சருகு மிதிபடும் சத்தம் கேட்டு ஈஸ்வரபாண்டி திரும்பினார். "யாரது?"

"நான்தாண்ணே. பஜார் ஃபேன்சி ஸ்டோரு."

"இங்கன என்ன வேலை?"

"மாங்கா... ஊறுகாய்க்கு..."

"நல்ல நேரத்துல வந்தீக சார். நீங்களும் சாமி கும்புடுற ஆளு. இங்க வந்து பாருங்க, எனக்கு எவனோ வச்சுட்டான்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற குரல் இப்போது நடுங்கியது. "இந்த வருஷம் ரெண்டு தடவை மோட்டார் காயில் கருகிப் போச்சு. பூத்த பூவில பாதி கொட்டிப் போச்சு. மாடு கொறை மாசத்துல கன்னு போட்டுருச்சு. நானும் வெயிலு, வெயிலுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

எபனேசருக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தம்பியைக் கேட்டுத்தான் வைத்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அந்த மீசை சொல்லாமல் சொல்லியது. அந்தப் பேச்சே இல்லாமல், முட்டை ஒன்றும் செய்யாது என்று மட்டும் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

"இது பிளாஸ்டிக்குண்ணே. பிள்ளைக வெளையாட்டுச் சாமான். நான் தொறந்து காட்டுறேன் பாருங்க."

உள்ளே துள்ளும் பந்து இருந்திருக்கலாம். வெறும் கயிறு இருந்திருக்கலாம். எபனேசர் நேரம், பொம்மை இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை சிவப்புக் கயிறு சுற்றிய பொம்மை.

"கட்டு கட்டியிருக்காக முதலாளி!" என்று தவசி இரண்டடி பின்னால் துள்ளினார்.

பொம்மையோடு சீட்டும் விழுந்தது. சிவப்பு மை. ஜெனிபர் ஈரக் கையோடு தொட்டிருப்பாள் போல, ஓரமெல்லாம் இழுபட்டிருந்தது. ஈஸ்வரபாண்டி அதை எட்டவே நின்று எழுத்துக் கூட்டினார்.

"சகோ... தரனோடு... ஒப்பு... ஒப்பா..." அவர் முகம் வெளுத்தது. "ஒப்பாரியா?"

"ஒப்புரவாகு," என்றார் எபனேசர் அவசரமாக. "சகோதரனோடு ஒப்புரவாகு."

தவசி மெதுவாக எபனேசர் பக்கம் திரும்பினார். "சாருக்கு மந்திரமெல்லாம் பாக்காமலே வருது."

எபனேசர் வாயை மூடிக்கொண்டார். அர்த்தம் சொல்லப் போனால் எழுதிய ஆள் யார் என்பதும் வெளியே வரும். இன்னொரு முட்டையைத் திறந்து காட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. நேராகப் போய்ப் பக்கத்து மரத்தின் கிளை இடுக்கில் கைவிட்டு, மஞ்சள் முட்டை ஒன்றை எடுத்தார்.

"தேடாம கொள்ளாம எப்படி சார் எடுத்தீக?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"அது... ஒரு இதுல..."

"ஞானதிருஷ்டி," என்றார் தவசி. இப்போது அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது.

மஞ்சள் முட்டைக்குள் முடி இருந்தது. கிளிப் அடியில் மறைந்திருக்க, கறுகறுவென்று ஒரு கற்றை முடி மட்டும் வெளியே தொங்கியது. சீட்டில், மரத்தை மூன்று முறை சுற்றி வா.

ஈஸ்வரபாண்டி தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். "போன வாரந்தான் முடி வெட்டுனேன்!"

"கடையில கூட்டிப் பெருக்குனவன் எவனோ எடுத்துக் குடுத்திருக்கான்," என்றார் தவசி.

"அண்ணே, இது சவுரி முடி. அரை முழ நீளம் இருக்கு. உங்க முடியா இது?" என்றார் எபனேசர்.

"முன்ன எனக்கு இம்புட்டு நீளம் இருந்துச்சு சார். பழனிக்கு நேந்து வளத்திருந்தேன்," என்றார் ஈஸ்வரபாண்டி.

மூன்றாவது முட்டையை எபனேசர் எடுக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்லத் தவசியே வேப்பங்குழையால் தள்ளி உருட்டிக்கொண்டு வந்தார். அது தானாகத் திறந்துகொண்டது. உள்ளே விதை. சாமந்தி விதைதான். சின்னதாக, கறுப்பாக, காய்ந்து போய், பார்க்க என்னவோ மாதிரிதான் இருந்தது. கூடவே சீட்டு. அதைத் தவசி வாசித்தார்.

"மண்ணில் புதைத்து வை. நாற்பது நாளில் பலன் தெரியும்."

ஈஸ்வரபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தவசி முட்டை ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஏதோ எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. எந்த நாட்டுத் தொழிற்சாலையோ, அந்த நாட்டு எழுத்து. தவசி வெகுநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மலையாளம் இல்ல முதலாளி. எனக்கு மலையாளம் தெரியும். இது அதுக்கும் அங்கிட்டு."

"ஏலே, எத்தனை இருந்தாலும் பெறக்கு. ஒண்ணு விடாம எரிச்சுருவோம்," என்றார் ஈஸ்வரபாண்டி.

தவசி கூடையோடு தோப்பைச் சுற்றினார். சுற்றச் சுற்ற முட்டை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஈஸ்வரபாண்டி, "இன்னமுமா?" என்றார். கூடை நிறைந்தது. சருகைக் குவித்தார்கள். கூடை அதன் மேல் ஏறியது. தவசி தீப்பெட்டியை எடுத்தார்.

எபனேசருக்கு, கையில் வெறும் ஓட்டோடு நின்ற ஜெனிபர்தான் கண்ணில் தெரிந்தாள். விடிந்தால் ஈஸ்டர். இன்னொரு அறுபது முட்டைக்கு எங்கே போவது?

"எரிக்காதீகண்ணே!" என்று குறுக்கே விழுந்தார். "நான்தான் வச்சேன்!"

"நீங்களா?"

"ஆமா."

"எந்தோப்புல வைக்க யாரைக் கேட்டீக?"

"தங்கப்பாண்டியைக் கேட்டுத்தான்..."

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எபனேசர் உண்மையைச் சொல்லி மாட்டினார். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஈஸ்டர், ஓய்வுநாள் பள்ளி, வாய்க்கால் ரோடு, இங்கன, அங்கன எதுவும் ஈஸ்வரபாண்டி காதில் ஏறவில்லை. கூடையைத் தூக்கித் தோளில் வைத்தார். வேலியைக் கிணற்றடிப் பக்கம் காலால் அழுத்திக்கொண்டு தாண்டினார். மூன்று வருஷத்தில் இன்றுதான் அந்த வேலியைத் தாண்டுகிறார்.

எபனேசர் பின்னாலேயே ஓடினார். ஓடிக்கொண்டே ஜெபராணிக்குப் போன் செய்தார். "ஜெபம் பண்ணு! கொலை விழப் போகுது!"

"நான் அப்பவே சொன்னேன்," என்று ஜெபராணி ஆரம்பித்தாள். லைன் துண்டானது.

தங்கப்பாண்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கூடையை அவர் காலடியில் கவிழ்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக முட்டைகள் நாலாபக்கமும் ஓடின.

"ஏலே தங்கம்! என்னடா இது?"

தங்கப்பாண்டி முட்டைகளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து, நெடுஞ்சாண்கிடையாக அண்ணன் காலில் விழுந்தார்.

"அண்ணே, மன்னிச்சிருண்ணே! புத்தி கெட்டுப் போச்சுண்ணே!"

ஈஸ்வரபாண்டி ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்கத்தான் வந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அடித்தும் இருப்பார். காலைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை என்ன செய்வது? மீசை துடித்தது. கண் கலங்கியது.

"நான் செத்து நீ ஒப்பாரி வைக்கணும்னு எழுதி வச்சிருக்கியேடா பாவி," என்றார். "எழுதி வேற வைக்கணுமா? நான் செத்தா உன்னயத் தவிர எவன்டா எனக்கு அழப் போறான்?"

"அப்படிச் சொல்லாதண்ணே!"

"மோட்டாரை நீயே மொதல்ல போட்டுக்கடா. தண்ணி என்ன தண்ணி."

"நீ போட்டுக்கண்ணே."

"ஏலே, நீ போடுன்னா போடு!"

யார் மோட்டாரை முதலில் போடுவது என்று மறுபடியும் சண்டை வந்துவிடும் போலிருந்தது. எபனேசர் நடுவில் புகுந்து, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னார். மிட்டாய் வேண்டாம் என்றது, எறும்பு தின்றது, விசில், பொம்மை லொடலொடத்தது, ஜெனிபர் எழுதியது, எல்லாவற்றையும். கடைசியில் அந்த வார்த்தைக்கு வந்தார்.

"அது ஒப்பாரி இல்லண்ணே. ஒப்புரவு. எங்க சபையில அப்படிச் சொல்றது. சண்டை போட்டவுக ராசியாப் போறது. பிள்ளைக பழம் விடுமே, அது."

ஈஸ்வரபாண்டி காலடியில் கிடந்த முட்டை ஒன்றைக் குனிந்து கையில் எடுத்தார். பிறகு சிரித்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற பழைய குரலில் சிரித்தார். வேலி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தவசியும் சிரித்தார். தங்கப்பாண்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எபனேசர் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். ஒரு பாவமும் அறியாத மனுஷன். அண்ணன் கோபமாக வந்துவிட்டார் என்பதற்காக, என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் காலில் விழுந்துவிட்டார். நாமெல்லாம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் போதகரிடம் இதைச் சொன்னார். போதகர் மறுநாள் அதிகாலை ஆராதனையில், பேர் சொல்லாமல், தாழ்மைக்கு உதாரணமாக அதையே பிரசங்கித்துவிட்டார்.

ஆராதனை முடிந்து பிள்ளைகள் தோப்புக்கு வந்தபோது வேலிக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிப் போட்டிருந்தது. இரண்டு தோப்புகளும் ஒரே தோப்பாகக் கிடந்தன. முட்டைகளை ஈஸ்வரபாண்டியே விடியற்காலையில் எழுந்து ஒளித்து வைத்திருந்தார். வேறு யாரையும் விடவில்லை. தங்கப்பாண்டி, "மோட்டார் ரூம் பக்கம் நான் பாத்துக்கிறேண்ணே," என்று இரண்டு மூன்று தடவை எழுந்தார். "நீ எங்கன போற? சும்மா எம்பக்கத்துல நில்லு," என்று அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார். மூன்று வருஷத்துப் பாசம், பாவம், பிடித்த பிடியை விடவில்லை.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் கிளிகளெல்லாம் பறந்து ஓடின. ஒரு பையன் மரத்தை மூன்று முறை சுற்றிவிட்டு, போதவில்லை என்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். விதை கிடைத்தவர்கள் தோப்பிலேயே குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். துள்ளும் பந்து ஒன்று போதகர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மிட்டாய் எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பலவேசம் தன் பேரனிடம் போய், "மிட்டாய் வேணுமாடா?" என்று ரகசியமாகக் கேட்டுப் பார்த்தார். "அப்புறம் தாத்தா," என்று அவன் ஓடிவிட்டான்.

ஜெனிபர் மூச்சிரைக்க வந்து, பாவாடையில் கட்டி வைத்திருந்த முட்டைகளை அப்பாவிடம் காட்டினாள்.

"இது பூரா எனக்காப்பா? யாருக்கும் குடுக்க வேணாமா?"

"குடுக்க வேணாம் தங்கம். எல்லாம் உனக்குத்தான்," என்றார் எபனேசர். தோப்பில் குழாய் எதுவும் இல்லாததால் அங்கேயே நின்று அழுதார். சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"ஏத்தா, அப்பாவை அழ விடாத. இன்னும் இருக்கும், போய்த் தேடு," என்றார் ஈஸ்வரபாண்டி. அவள் மறுபடியும் ஓடினாள். அவர் தம்பி தோளிலிருந்து ஒருவழியாகக் கையை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மாங்காய் அறுத்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுக்கத் தவசியைக் கூட்டிக்கொண்டு போனார்.

தங்கப்பாண்டியும் மெதுவாக நகர்ந்தார். மோட்டார் ரூமை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பார். அதற்குள் எதிரே ஜெனிபர் ஓடி வந்தாள். அவள் கையில் ஒரு முட்டை. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

"அப்பா, இது மட்டும் தொறக்கவே மாட்டேங்குது! மோட்டார் ரூம் பின்னால, செங்கலுக்கு அடியில இருந்துச்சு."

எபனேசர் வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் இல்லை. கோழி முட்டை. மேலே கறுப்பு மையால் கண்ணும் மூக்கும் வரைந்து, பெரிய மீசை ஒன்றும் போட்டிருந்தது. நெற்றியில் குங்குமம்.

"இதை நான் வைக்கலையே," என்று எபனேசர் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தார்.

தங்கப்பாண்டி சட்டென்று முட்டையை வாங்கி வேட்டி மடிப்புக்குள் போட்டுக்கொண்டார். மாங்காய் அறுத்துக்கொண்டிருந்த அண்ணனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எபனேசர் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதீக சார். அது மட்டும் என்னுது."